கொப்பரையில் பூத்த பூசணம் புதிய இனமா? காங்கேயம் பக்கத்துக் கேள்வியும் தொடர்ந்த குறிப்புகளும்

கேள்வி: 2022 நவம்பர் 6

காங்கேயம் பக்கம் எங்கள் குடும்பத்துக்குத் தேங்காய்க் களம் இருக்கிறது. ஐப்பசி மழையில் நனைந்த கொப்பரையில் மஞ்சள் கலந்த பச்சையாகப் பூசணம் பிடித்தது. கோவையில் முதுகலை நுண்ணுயிரியல் படிப்பதால் அதை ஆய்வகத்தில் வளர்த்து, பூஞ்சைகளை அடையாளம் காண உதவும் ஐடிஎஸ் பகுதியின் டிஎன்ஏ வரிசையை எடுத்தேன். பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டபோது ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைப் பேரினத்தின் மிக நெருங்கிய இனத்துடன் 99.1 விழுக்காடுதான் பொருந்துகிறது. நூறு வரவில்லை என்பதால் இது புதிய இனம்தான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெயரை இதற்குச் சூட்டலாமா, ஐயா?

நவம்பர் 6, இரவு

இதை மட்டும் வைத்துச் சூட்ட முடியாது, தம்பி. ஒரே ஒரு ஐசொலேட்டா, அதாவது ஒரே இடத்திலிருந்து பிரித்தெடுத்த வளர்ப்பா, அல்லது வெவ்வேறு மூட்டைகளிலிருந்து எடுத்தவையா? எந்த வளர்ப்பு ஊடகத்தில், எத்தனை டிகிரியில் வளர்த்தீர்கள்? வரிசைக் கோப்போடு வந்த, ஒவ்வோர் எழுத்தையும் முகடாகக் காட்டும் குரோமட்டோகிராம் வரைபடத்தைத் திறந்து பார்த்தீர்களா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

நவம்பர் 8

ஒரே ஐசொலேட், உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார், அறை வெப்பநிலை, குரோமட்டோகிராமைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன்.

ஆஸ்பர்ஜில்லஸில் ஐடிஎஸ் பகுதி ஏறத்தாழ 550 முதல் 600 எழுத்து நீளம் கொண்டது. உங்கள் 0.9 விழுக்காட்டு வேறுபாட்டை எழுத்துக் கணக்கில் பார்த்தால் ஐந்து எழுத்துதான். சாங்கர் முறையில் வரும் வரிசையின் தொடக்கத்தில் முதல் முப்பது, நாற்பது எழுத்துகளில் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலங்கியே இருக்கும், கடைசிப் பகுதியில் முகடுகள் தாழ்ந்து பரந்துவிடும், அந்த இடங்களில் மென்பொருள் தானாகவே ஓர் எழுத்தை ஊகித்துப் போட்டுவிடும். ஐந்து வேறுபாடுகளும் வரிசையின் எந்த இடத்தில் விழுகின்றன என்று பாருங்கள். இரு முனைகளிலும் கிடந்தால் அவை பூஞ்சைக்கு உரியவை அல்ல என்றே கொள்ள வேண்டும். முன்னிருந்தும் பின்னிருந்தும் இருமுறை வரிசையெடுத்து, இரண்டையும் பொருத்திய பிறகு வருவதைத்தான் ஒப்பிடத் தகுந்த வரிசையாக நான் எடுத்துக்கொள்வேன்.

வரிசை தெளிவாகவே இருந்தாலும் ஆஸ்பர்ஜில்லஸில் ஐடிஎஸ் விழுக்காடு இனத்தைப் பற்றி அதிகம் சொல்லாது. பூஞ்சைகள் அனைத்துக்கும் பொதுவான அடையாளப் பகுதியாக ஐடிஎஸ் 2012-இல் முன்மொழியப்பட்டது உண்மைதான். ஆனால் ஆஸ்பர்ஜில்லஸ் இனங்களான ஃபிளேவஸும் ஒரைசேயும் அதில் ஒன்றுபோலவே இருக்கின்றன. வேறு பல நெருங்கிய இனங்களும் அப்படித்தான். எனவே நூறு வந்தாலும் இனம் உறுதியாவதில்லை, 99 வந்தாலும் புதியது ஆவதில்லை. ஆஸ்பர்ஜில்லஸுக்குக் கால்மோடுலின் மரபணுவையும் அதன் உறவுப் பேரினமான பெனிசிலியத்துக்குப் பீட்டா டியூபுலின் மரபணுவையும் இரண்டாம் அடையாளமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது 2014-இலிருந்தே இத்துறையில் ஏற்கப்பட்ட வழக்கம்.

இன்னொன்று. தரவுத்தளத்தில் எந்த வரிசையோடு ஒப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லவில்லை. பொதுத் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிட்டும் வரிசையை ஏற்றலாம். அதிலுள்ள பூஞ்சை வரிசைகளில் ஐந்தில் ஒரு பங்கு இனப்பெயர் தவறாக இருக்கக்கூடும் என்று 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எச்சரித்தது. வகைமாதிரியிலிருந்து, அதாவது இனத்துக்குப் பெயர் வைத்தபோது சான்றாக வைத்த மூல மாதிரியிலிருந்து எடுத்த வரிசைகளோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

நவம்பர் 9

நேற்று எழுதியதில் ஒன்று விடுபட்டது. ஆஸ்பர்ஜில்லஸில் பீட்டா டியூபுலினைப் பெருக்கும்போது சில வேளைகளில் அதன் உடன்பிறப்பான வேறொரு டியூபுலின் மரபணு பெருகி வந்துவிடும். அதை ஒப்பிட்டால் எந்தப் பூஞ்சையும் புதிய இனம் போலவே தோன்றும். கால்மோடுலினை முதலில் எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நவம்பர் 15

வரிசையெடுக்கப் பணம் செலவழிப்பதற்கு முன் வளர்ப்பு தூயதா என்று பாருங்கள். ஈரோட்டு மஞ்சள் கிடங்குகளிலிருந்தும் பல்லடம் பக்கத்து நூற்பாலைகளின் பஞ்சுத் தூசியிலிருந்தும் பூஞ்சைகளைப் பிரித்தெடுத்துப் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், விசித்திரமான பூஞ்சை என்று என்னிடம் வந்தவற்றில் கணிசமானவை இரண்டு பூஞ்சைகளின் கலப்பாகவே இருந்தன. பச்சைக் காலனியின் அடியில் மெல்லிய வெள்ளை இழையாக இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும். மேலே உள்ளதன் வித்து எனப்படும் ஸ்போரையும் கீழே உள்ளதன் காம்பையும் சேர்த்து வரைந்துவிட்டால் உலகில் இல்லாத ஓர் உயிர் தாளில் பிறந்துவிடும்.

ஒற்றை வித்திலிருந்து வளர்ப்பதே வழி. வித்துகள் ஒட்டாமல் பிரிய டுவீன் என்ற சோப்புப் போன்ற பொருள் கலந்த நீரில் அவற்றை நன்றாக நீர்த்து, வெறும் நீர் அகாரில் பரப்பி, மறுநாள் காலையில் நுண்ணோக்கியின் கீழ் தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். முளைவிட்ட வித்து ஒரு பக்கம் சிறு வால் நீட்டிக் கிடக்கும். சுற்றிலும் வேறு வித்து இல்லாத ஒன்றை அகாரோடு சேர்த்து ஊசியால் வெட்டியெடுத்துப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள். கொப்பரையிலும் தானியத்திலும் மைட் எனப்படும் மிகச் சிறிய பூச்சிகள் மொய்க்கும் என்பதால் தட்டுகளைப் பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலம் சுற்றி வையுங்கள். ஒரு பூச்சி ஒரு தட்டிலிருந்து அடுத்ததற்கு நடந்துபோனாலே அலமாரி முழுவதும் கலந்துவிடும்.

நவம்பர் 27

உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் பெரும்பாலான பூஞ்சைகள் செழித்து வளரும், ஆனால் அதில் வளர்ந்ததை யாருடைய விவரிப்போடும் ஒப்பிட முடியாது. ஆஸ்பர்ஜில்லஸையும் பெனிசிலியத்தையும் விவரிப்பவர்கள் செபெக் ஈஸ்ட் அகார், மால்ட் அகார் ஆகிய இரண்டிலும் மூன்று புள்ளிகளில் விதைத்து, 25 டிகிரியில், இருட்டில், ஏழு நாள் வைத்து அளக்கிறார்கள். ஒரு தட்டு 37 டிகிரியிலும் இருக்கட்டும். கோவையின் அறை வெப்பநிலை மார்கழியில் ஒன்று, சித்திரையில் வேறொன்று. எனவே அறை வெப்பநிலையில் எடுத்த காலனி விட்டத்துக்குப் பொருளே இல்லை.

ஏழாம் நாளில் ஒட்டுநாடாவின் ஒரு துண்டைக் காலனியின் ஓரத்தில் மெல்லத் தொட்டெடுத்து, ஒரு சொட்டு ஆல்கஹாலில் மிகையான வித்துகளைக் கழுவிவிட்டு, லாக்டோபீனால் காட்டன் புளூ என்ற நீலச் சாயத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் வைத்தால் வித்துக் குவியலைத் தவிர எதுவும் தெரியாது. ஓரத்தில் இளம் தலைகள் இருக்கும். முதலில் காம்பின் சுவரைப் பாருங்கள். ஃபிளேவஸில் அது மணற்காகிதம் போல் சொரசொரப்பாக இருக்கும், கறுப்பு இனமான நைகரில் வழவழப்பாக இருக்கும். காம்பின் நுனி குமிழாகப் பருத்து, குமிழின்மேல் ஃபியாலைடு எனப்படும் குடுவை வடிவச் செல்கள் நேரடியாக நிற்கின்றனவா, அல்லது இடையில் மெட்டுலா என்ற இன்னொரு அடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிளேவஸின் நெருங்கிய உறவான பாரசிட்டிகஸில் பெரும்பாலும் ஓரடுக்குதான், வித்தின் மேற்பரப்பும் முள் முள்ளாகத் தெளிவாகத் தெரியும். ஃபிளேவஸில் ஓரடுக்கும் ஈரடுக்கும் கலந்திருக்கும், வித்து வழவழப்பாகவோ இலேசான சொரசொரப்போடோ இருக்கும். டமாரி என்ற இன்னோர் உறவினத்தை இவற்றிலிருந்து பிரிப்பது எளிது. காலனி பழுப்பேறிய பச்சையாக இருக்கும், வித்தும் சற்றுப் பெரியது, சுவர் தடித்தது.

டிசம்பர் 3

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது கொப்பரைக்கு அது போதாது என்று தோன்றியது. நன்கு காய்ந்த கொப்பரையில் ஈரப்பதம் 6 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். அவ்வளவு வறண்ட இடத்தை வீடாகக் கொண்ட பூஞ்சைகள் நம் வழக்கமான ஊடகங்களில் வளராது, அல்லது வளர்வதற்குள் ஃபிளேவஸ் தட்டை மூடிவிடும். டிஜி 18 என்ற ஊடகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1980-இல் ஹாக்கிங்கும் பிட்டும் வறண்ட உணவுப் பண்டங்களுக்காகவே உருவாக்கியது அது. அதிலுள்ள 18 விழுக்காடு கிளிசரால் நீரைப் பூஞ்சைக்கு அரிதாக்குகிறது, டைக்ளோரான் வேகமாகப் பரவும் பூஞ்சைகளை அடக்கிவைக்கிறது. பார்வைக்குக் குறையே இல்லாத கொப்பரையிலிருந்தும் சில துண்டுகளை அதில் வையுங்கள். கொங்குப் பகுதியின் களங்களிலும் மஞ்சள் குடோன்களிலும் மக்காச்சோளக் கிடங்குகளிலும் யாரும் பார்க்காத இனம் ஏதேனும் இருக்குமானால் இப்படிப்பட்ட ஊடகத்தில்தான் அகப்படும் என்பது என் உறுதியான எண்ணம். கண்ணில் பட்டதும் பூத்துக் குலுங்குவதை உலகம் ஏற்கெனவே பார்த்துவிட்டது.

டிசம்பர் 11

நிறத்தைப் பார்த்தாலே இன்ன பூசணம் என்று களத்துப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். எந்தப் பூசணம் பிடித்த பருப்பு எண்ணெய்க்கு ஆகும், எதை ஒதுக்க வேண்டும் என்பதில் அவர்கள் கண் பழுதில்லாதது, அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இனத்தைப் பிரிக்க அந்தக் கண் போதாது. ஃபிளேவஸே இளமையில் மஞ்சள் பச்சையாகவும் முதிர்ந்தால் பழுப்பாகவும் இருக்கும். ஆய்வகத்திலும் நிறம் ஏமாற்றும். ஊடகத்தில் துத்தநாகமும் செம்பும் சிறிதளவேனும் இல்லாவிட்டால் பச்சை நிற வித்துகள் அந்த நிறத்துக்கே வராமல் வெளிறிக் கிடக்கும். இதனால்தான் விவரிப்புக்கான ஊடகங்களில் துத்தநாக சல்பேட்டையும் செம்பு சல்பேட்டையும் அளந்து சேர்க்கிறார்கள். சேர்க்காமல் வளர்த்து, வெளிறிய பச்சை என்ற ஒரே அடையாளத்தை நம்பிப் புதிய இனம் என்று எழுதப்பட்ட ஒரு கட்டுரை வரைவு என் மேசைக்கு வந்திருக்கிறது. சரியான ஊடகத்தில் மாற்றி வளர்த்ததும் நாம் நன்கு அறிந்த பூஞ்சையின் நிறம் வந்துவிட்டது.

வித்தின் நிறத்தையும் வடிவத்தையும் வைத்துப் பூசணங்களை அடுக்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பூஞ்சையியலாளர் சக்கார்டோ வகுத்தது. வித்து எப்படிப் பிறக்கிறது என்பதை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று ஹியூஸ் 1953-இல் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி. வி. சுப்பிரமணியன் 1962-இல் அந்த வழியிலேயே ஒரு வகைப்பாட்டை முன்வைத்தார். நம் மாநிலத்தில் வேலை செய்த ஒருவர் உலகப் பூஞ்சை வகைப்பாட்டின் போக்கில் பங்கேற்றதை நம் மாணவர்கள் அறியாமலேயே பட்டம் பெற்றுப் போகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

2023 ஜனவரி 8

ஒரு பூஞ்சைக்கு இனம் குறிப்பது இவ்வளவு சுற்றுவேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். பென்சிலின் தந்த பூஞ்சையையே பாருங்கள். 1928-இல் ஃபிளெமிங்கின் தட்டில் விழுந்ததை அவர் 1929 கட்டுரையில் பெனிசிலியம் ரூப்ரம் என்றார். அமெரிக்காவின் சார்லஸ் தாம் அதை நொட்டேட்டம் என்று திருத்தினார். பின்னர் அது கிரிசோஜீனம் என்ற இனத்துக்குள் சேர்க்கப்பட்டது. 2011-இல் மரபணுக்களை ஒப்பிட்டபோது அது ரூபன்ஸ் என்று தெரியவந்தது. அந்தப் பெயரை பியூர்ஜ் என்பவர் 1923-இலேயே வைத்திருந்தார். அமெரிக்காவின் பியோரியா நகரில் முலாம்பழத்திலிருந்து எடுத்துத் தொழிற்சாலைகளுக்குப் போன பென்சிலின் பூஞ்சையும் அதே ரூபன்ஸ்தான். உலகமே கவனித்த ஒரு பூஞ்சைக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும்போது, உங்கள் களத்துப் பூஞ்சைக்குச் சில மாதம் ஆவதில் தவறில்லை.

ஜனவரி 10

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு, மரபணுவைப் பார்த்தால் இனங்கள் கூடிக்கொண்டேதான் போகும் என்று ஒருவர் முடிவு கட்டியிருக்கிறார். பெரும்பாலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. ரேப்பரும் ஃபென்னலும் 1965-இல் ஆஸ்பர்ஜில்லஸில் 132 இனங்களை ஏற்றார்கள், 2014-இன் ஏற்புப் பட்டியலில் 339, 2020-இன் பட்டியலில் 446. ஆனால் எதிர்த்திசையிலும் நடக்கிறது. கறுப்பு ஆஸ்பர்ஜில்லஸ்களில் நைகரும் அதன் நெருங்கிய உறவுகளும் அடங்கிய தொகுதியில் பதினான்கு இனங்கள் என்று பிரித்துவைத்திருந்ததை, ஏராளமான ஐசொலேட்டுகளின் வரிசைகளைச் சேர்த்து ஆராய்ந்தவர்கள் 2022-இல் ஆறாகக் குறைத்தார்கள். வெல்விட்சியே என்ற தனி இனம் நைகருக்குள்ளேயே திரும்பிவிட்டது. சில ஐசொலேட்டுகளை மட்டும் வைத்துப் பார்த்தபோது இனங்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தது. எண்ணிக்கை கூடக் கூட அந்த இடைவெளியில் புதிய ஐசொலேட்டுகள் வந்து நிரம்பிவிட்டன.

ஒரே ஐசொலேட்டை நம்பிப் பெயர் வைக்காதீர்கள் என்று முதல் நாளிலிருந்து நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒரு மரபணுவை வைத்து உறவுமுறையை வரையும் மரபணு மரத்தில் தனிக் கிளையாக நிற்பதும் போதாது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல மரபணுக்களின் மரங்கள் ஒரே பிரிவைக் காட்ட வேண்டும். இனம் ஒன்றாக இருந்தால் அதற்குள் மரபணுக்கள் கலந்துகொண்டே இருக்கும் என்பதால் மரங்கள் ஒன்றோடொன்று முரண்படும். முரண்பாடு நின்று எல்லாம் ஒத்துப்போகும் இடமே இனத்தின் எல்லை. இந்த அளவுகோலை டெய்லரும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் தெளிவாக வகுத்தார்கள்.

ஜனவரி 22

பெயரில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு நம் ஊரிலேயே விடை இருக்கிறது. சோளத்தட்டோ கரும்புத் தோகையோ கண்ணில் கீறிப் பூஞ்சைப் புண்ணோடு கோவைக்கு வரும் விவசாயிகள் ஏராளம். புண்ணில் இருப்பது ஃபியூசேரியம் என்ற பூஞ்சையா ஆஸ்பர்ஜில்லஸா என்பதைப் பொறுத்து மருந்து மாறும். ஃபியூசேரியத்துக்கு வோரிகோனசோலைவிட நாட்டமைசின் சிறந்தது என்பதைத் தமிழ்நாடு, புதுச்சேரிக் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013-இல் வெளியான மருத்துவச் சோதனையே காட்டியது. ஆஸ்பர்ஜில்லஸுக்குள்ளேயும் டெரியஸ் என்ற இனத்திடம் ஆம்ஃபோடெரிசின் என்ற மருந்து பலிப்பதில்லை. கோழித் தீவனத்துக்கு வருவோம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, காரணம் கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ஃபிளேவஸின் நஞ்சு என்று கண்டறிந்தார்கள். அஃப்ளடாக்சின் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. ஃபிளேவஸ் பொதுவாக பி வகை நஞ்சைத் தரும், பாரசிட்டிகஸ் பி, ஜி இரண்டையும் தரும், டமாரி இவ்விரண்டையும் தராது, ஒரைசேவையோ சோயா சாறு புளிக்கவைக்கவே பயன்படுத்துகிறார்கள். நாமக்கல்லுக்கும் பல்லடத்துக்கும் போகும் மக்காச்சோளத்தில் இருப்பது இவற்றுள் எது என்பது பண்ணைக்காரருக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி.

மார்ச் 5

ஊர்ப் பெயரைப் பற்றிக் கேட்டதற்கு இப்போது விடை. சூட்டலாம், தடையில்லை. ஆஸ்பர்ஜில்லஸ் இலத்தீனில் ஆண்பால் என்பதால் ஊர்ப் பெயரின் ஈறு என்சிஸ் என்று முடியும், பெனிசிலியமாக இருந்தால் என்சே.

விதிகள் கறாரானவை. விவரிப்போ அடையாளக் குறிப்போ இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். ஆங்கிலம் 2012 ஜனவரி 1 முதல்தான் ஏற்கப்படுகிறது. 2013 ஜனவரி 1 முதல் மைக்கோபேங்க் போன்ற பதிவகத்தில் எண் பெற்று அதைக் கட்டுரையிலேயே அச்சிட வேண்டும், இல்லையென்றால் பெயர் செல்லாது. அதே நாளிலிருந்து ஒரே பூஞ்சை பால்வழிப் பெருகும் பருவத்துக்கு ஒரு பெயர், பாலின்றிப் பெருகும் பருவத்துக்கு ஒரு பெயர் என்ற பழைய வழக்கமும் ஒழிந்தது. பழைய நூல்களில் யூரோஷியம் என்று நீங்கள் படிப்பவை இன்று ஆஸ்பர்ஜில்லஸ். வகைமாதிரி உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கக் கூடாது. தட்டையே உலர்த்தி உலர்தாவரகத்தில் வைக்க வேண்டும், அல்லது உறைகுளிரிலோ உறைஉலர்விலோ செயலற்ற நிலையில் நிலையாகப் பாதுகாக்க வேண்டும். அதிலிருந்து எடுத்த உயிருள்ள வளர்ப்பை மற்றவர்களுக்கும் கிடைக்குமாறு சேமிப்பகத்தில் ஒப்படைப்பது நல்ல வழக்கம். நமக்குப் புனேயில் அகார்கர் ஆய்வு நிறுவனத்தில் உலர்தாவரகமும் இருக்கிறது, தேசியப் பூஞ்சை வளர்ப்புச் சேமிப்பகமும் இருக்கிறது. புதிதாகக் கண்டறிந்த எந்த உயிரினத்தையும் அதற்கென அறிவிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து, சான்றுமாதிரியை ஒப்படைக்க வேண்டும் என்று 2002-இன் உயிரிப்பன்மைச் சட்டமே சொல்கிறது. வெளிநாட்டு ஆய்வகத்துக்கு வளர்ப்பை அனுப்ப எண்ணினால் சென்னையிலுள்ள தேசிய உயிரிப்பன்மை ஆணையத்தின் விதிகளை முதலில் படியுங்கள். அஞ்சலில் போட்டுவிட்டுப் பிறகு கேட்பது சரியல்ல.

ஜூன் 18

நீங்கள் அனுப்பிய கோப்புகளைப் பார்த்தேன். பச்சைப் பூஞ்சையை இருபுறமும் வரிசையெடுத்ததில் ஐந்து வேறுபாடுகளும் மறைந்துவிட்டன, எல்லாம் முனைகளில் கிடந்தவையே. கால்மோடுலினில் அது ஃபிளேவஸ் வகைமாதிரியின் கிளையில் போய் உட்காருகிறது, காம்பின் சொரசொரப்பும் ஒத்துப்போகிறது. அது ஃபிளேவஸ்தான். களத்தில் அந்த மூட்டைகளைத் தனியே ஒதுக்கச் சொல்லுங்கள்.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இன்னொன்று. டிஜி 18 தட்டில் இரண்டாம் வாரத்தில் வந்ததாக நீங்கள் ஓரத்தில் குறித்திருக்கும், பொத்தான் அளவில் நின்றுவிட்ட மங்கிய பச்சைக் காலனி. செபெக் ஈஸ்ட் அகாரில் அது வளரவே மறுத்திருக்கிறது, 37 டிகிரியிலும் இல்லை. ஃபியாலைடு ஓரடுக்கு, வித்துகள் நெருக்கி அடுக்கிய தூணாக நிற்கின்றன. வறண்ட இடங்களை விரும்பும் ரெஸ்ட்ரிக்டை பிரிவைச் சேர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பிரிவு முழுவதும் 2017-இல் மறுஆய்வு செய்யப்பட்டிருப்பதால், ஒப்பிட நம்பகமான வகைமாதிரி வரிசைகள் எல்லாம் கிடைக்கின்றன. உங்கள் கால்மோடுலின், பீட்டா டியூபுலின், ஆர்பிபி 2 ஆகிய மூன்று மரபணு வரிசைகளும் அவற்றில் எதனோடும் சேராமல் ஒரே இடத்தில் தனித்து நிற்கின்றன.

இதையும் இப்போதைக்குப் புதிய இனம் என்று சொல்லமாட்டேன். ஒரு களத்தின் ஒரு கொப்பரையில் கிடைத்த ஒரே ஐசொலேட் இது. வெள்ளகோவில், அவல்பூந்துறை, பொள்ளாச்சிப் பக்கத்துக் களங்களில் உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டு, உடைக்காமல் முழுதாகக் காய்ந்த பந்துக் கொப்பரையிலிருந்தும் எண்ணெய்க்கான அரவைக் கொப்பரையிலிருந்தும் தனித்தனியே துண்டுகள் எடுங்கள். களம், நாள், கொப்பரை காய்ந்த விதம் ஆகியவற்றை உறையின்மேலேயே எழுதிவிடுங்கள். கிடைத்த ஐசொலேட்டை இன்றே கிளிசராலில் உறைநிலையிலும் தனியாகச் சிலிக்கா ஜெல்லிலும் சேமித்துவையுங்கள், ஒரே குழாயை நம்ப வேண்டாம். இரண்டாவது ஐசொலேட் வேறொரு களத்திலிருந்து வந்து மூன்று மரபணுக்களிலும் இதனோடு சேர்ந்தால் விவரிப்பை எழுதத் தொடங்கலாம், படங்களையும் அளவுகளையும் நான் சரிபார்த்துத் தருகிறேன். அதுவரை டிஜி 18 தட்டுகளை இரண்டு வாரத்துக்கு முன் யாரும் கழுவப் போட்டுவிடாதபடி ஆய்வக உதவியாளரிடம் சொல்லிவையுங்கள்.